விருந்தும் மொழியும்: செருமனி நாட்டுக் குடியேறியோர் இலக்கியம் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்குப் பிழைப்பு நாடியோ உயிர்க்காப்பு நாடியோ சென்ற மக்கள் இயற்றிய இலக்கியத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாளக் காண்கின்றோம். விட்டு வந்த மண்ணை எண்ணும் ஏக்கம் அவ்விலக்கியத்தில் எத்துணை உருக்கமாக அமைந்துள்ளது என்று காண்பது ஒன்று. புகுந்த நாட்டின் மொழியை ஆசிரியர் எத்துணைப் பிழையறக் கைவரப் பெற்றுள்ளார் என்று காண்பது மற்றொன்று. இவை முற்றும் தவறானவை அல்ல. ஆயின் போதியனவும் அல்ல. ஏக்கத்தை மட்டும் காண்பவர், அம்மக்கள் விடியலில் எழுந்து எத்தொழிலுக்குச் சென்றனர் என்பதைக் காணாது விடுகின்றனர். மொழித் தேர்ச்சியை மட்டும் காண்பவர், அம்மொழி அவர்கட்கு எவ்விடத்தில், எவர் வாயிலாக, எவ்வளவு கிடைத்தது என்று வினவாது விடுகின்றனர்.

தொழிலும் மொழியும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. அப்பற்று இவ்விலக்கியத்தின் பொருளில் மட்டுமன்றி வடிவத்திலும் பதிந்து கிடக்கின்றது. ஆதலின் வடிவத்தை ஆராயாது இதனை மதிப்பிடல் இயலாது. இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்து. இதற்குச் செருமனி நாட்டைச் சான்றாகக் கொள்கின்றோம். அந்நாடு அயல்நாட்டுத் தொழிலாளரை ஒப்பந்தம் செய்து அழைத்த காலமும் அழைப்பை நிறுத்திய காலமும் ஐயத்திற்கிடமின்றி அறியப்பட்டவை. அவ்வாறு சென்றாரும், அவர்க்குப் பின் அகதிகளாய்ச் சென்றாரும் அரை நூற்றாண்டிற்கு மேலாக எழுதிய நூல்களும் நம் ஆய்வுக்குக் கிடைத்துள்ளன.

1. விருந்து என்னும் சொல்

மேற்குச் செருமனி 1955-இல் இத்தாலியுடனும், 1960-இல் இசுபெயின், கிரேக்கம் ஆகிய நாடுகளுடனும், 1961-இல் துருக்கியுடனும், 1964-இல் போர்த்துக்கல்லுடனும், 1968-இல் யூகோசுலாவியாவுடனும் தொழிலாளரைப் பெறும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. அவ்வாறு வந்தவரை அந்நாட்டு மக்கள் ‘காஸ்ட்ஆர்பைட்டர்’ என்றனர். ‘காஸ்ட்’ என்பது விருந்தினன். ‘ஆர்பைட்டர்’ என்பது தொழிலாளி. விருந்துத் தொழிலாளி என்பது அத்தொடரின் பொருள்.

தமிழ் கற்றார்க்கு இத்தொடர் முரணுடையதாகத் தோன்றுதல் இயல்பே. விருந்தினன் உழைப்பதற்கு அழைக்கப்படுபவன் அல்லன். எனினும் நம் மொழியில் விருந்து என்னும் சொல்லின் வரலாறு இம்முரணை ஆராய்வதற்குத் துணை செய்கின்றது. திருக்குறள் உரையில் பரிமேலழகர், விருந்து என்பதன் முதற்பொருள் புதுமை என்றும், அஃது ஆகுபெயராய்ப் புதியராய் வந்தாரைக் குறித்தது என்றும் விளக்குவர். அப்புதியவரை அவர் மேலும் இருவகைப்படுத்துவர்: முன்னறிமுகம் உண்மையால் குறித்து வந்தார் ஒரு வகையினர், அஃது இன்மையால் குறியாது வந்தார் மற்றொரு வகையினர். தொல்காப்பியரோ செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தினை வைத்து, புதுவதாகப் புனையப்படும் யாப்பிற்கு அதனைப் பெயராக்கினார். ஆக, வீட்டிற்குப் புதியராய் வந்தாரையும் இலக்கியத்திற்குப் புதிதாய் வந்த ஆக்கத்தையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் வழங்கினர்.

இப்பகுப்பை உரையாசிரியர் கருதிய இல்லறச் சூழலினின்று எடுத்து வேறோர் இடத்தில் நாம் பொருத்துகின்றோம் என்பதை மறக்கவில்லை. ஆயினும் பொருத்தம் பயனுடையது. ஒப்பந்தத்தின்வழி வந்த தொழிலாளர் குறித்து வந்தார். போருக்கும் கொடுமைக்கும் அஞ்சி வந்த அகதிகள் குறியாது வந்தார். முன்னவர்க்குத் தொழில் முதற்கண் கிடைத்தது, மொழி கிடைக்கவில்லை. பின்னவர்க்குப் பல வேளைகளில் மொழி முற்பட்டது, தொழில் பிற்பட்டது. இவ்வேறுபாடு இருவகையார் இலக்கியத்திலும் இருவேறு வடிவங்களைத் தோற்றுவித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. ஒப்பந்தத்தில் இடம்பெறாத மொழி

1961-ஆம் ஆண்டுத் துருக்கி ஒப்பந்தம் தொழிலாளர் தங்குதற்குரிய காலத்தை இரண்டு ஆண்டுகள் என வரையறுத்தது. ஒரு குழுவினர் திரும்ப மற்றொரு குழுவினர் வருதல் வேண்டும் என்பது கொள்கை. பயிற்சி பெற்ற தொழிலாளரை இழக்க முதலாளிமார் விரும்பாமையால் 1964-இல் அவ்வரையறை நீக்கப்பட்டது. இசுதான்புல் நகரில் இயங்கிய செருமானியத் தொடர்பு அலுவலகத்தில் தொழிலாளரின் உடல்நலம் நுணுகி ஆராயப்பட்டது, கைத்திறன் ஆராயப்பட்டது. ஆனால் அவர்கட்கு மொழி கற்பித்தற்குரிய பொதுவான ஏற்பாடு நாட்டளவில் செய்யப்படவில்லை. இரண்டாண்டில் திரும்பிச் செல்வோர்க்கு மொழி எதற்கு என்னும் எண்ணமே அதற்குக் காரணம்.

1964 செப்டம்பரில் பத்து இலட்சமாவது விருந்துத் தொழிலாளி என அறிவிக்கப்பட்ட போர்த்துக்கீசியர் அர்மாந்தோ ரொட்ரிகெஸ் என்பவர், கொலோன் நகரப் புகைவண்டி நிலையத்தில் மலர்க்கொத்தும் ஒரு மோப்பெட் வண்டியும் அளித்து வரவேற்கப்பெற்றார். அவ்வண்டி இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அவரோ பின்னர் நோயுற்றுத் தம் நாட்டிற்குத் திரும்பி 1979-இல் இறந்தார். செருமனியில் தமக்கு உரியதாயிருந்த நோய்க் காப்பீட்டு உதவியை அவர் அறியாமலும் பெறாமலும் போனார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வரவேற்பு உரைக்கும் உரிமை உரைக்கும் இடையே இருந்த தொலைவு இந்நிகழ்ச்சியால் விளங்கும். முன்னது புரியாவிடினும் தீங்கில்லை; பின்னது புரியாவிடின் உயிர்க்கே கேடு.

1955 முதல் 1973 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் தொழில் நாடி வந்தனர் என்றும், அவருள் 1 கோடியே 10 இலட்சம் பேர் திரும்பினர் என்றும் கணக்கிட்டுள்ளனர். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, அழைப்பு நிறுத்தப்பட்டது. சென்றால் மீண்டும் வரவியலாது என்று கண்ட தொழிலாளர் தம் மனைவி மக்களை வரவழைத்துத் தங்கிவிட்டனர். வரவைக் குறைக்கக் கருதிச் செய்த ஆணை குடியேற்றத்தை நிலைபெறச் செய்தது.

3. தொழிற்கூடத்து மொழி

தொழிலிடத்தில் நாள்தோறும் எட்டு மணிநேரம் செருமானியருடன் இருந்தவர் அவர்தம் மொழியைத் தாமே கற்றிருக்கலாகாதோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவிற்கு மொழியியலறிஞர் விடை கண்டுள்ளனர். 1970-களில் வோல்ஃப்காங் கிளைன், நோர்பெர்ட் டிட்மார் முதலியோர் ஹைடெல்பெர்க் நகரில் இசுபானிய, இத்தாலியத் தொழிலாளர் 48 பேரின் பேச்சை ஆராய்ந்தனர். வினை விகுதியின்றி நிற்றல், பெயர்முன் வரும் சார்புச் சொற்கள் மறைதல், எதிர்மறைக்கு ஒரே சொல் எங்கும் வழங்கல் முதலிய இயல்புகள் அப்பேச்சில் ஒழுங்குற அமைந்திருத்தலை அவர்கள் கண்டனர். மேலும், மொழித் தேர்ச்சியுடன் மிக நெருங்கிய தொடர்புடையது ஓய்வு நேரத்தில் செருமானியருடன் கொண்ட பழக்கமே என்றும், வந்தபோதைய அகவையும் தொழிலிடத் தொடர்பும் அதற்கு அடுத்து நிற்பன என்றும், நாட்டில் தங்கிய ஆண்டுகளின் தொகை தனித்து நின்று அத்துணைப் பயன் தருவதன்று என்றும் அவ்வாய்வு காட்டியது.

இதன் உட்பொருள் தெளிவு. பொறியின் முன் நிற்பவர்க்குக் கிடைக்கும் மொழி ஏவல் மொழி. எடு, வை, நிறுத்து, விரைந்து செய் என்பனவற்றோடு அது நின்றுவிடும். ஏன், எவ்வாறு, எனக்கு இது தகுமோ என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. விடுதியிலோ தம் நாட்டினரே உடனிருப்பர். ஆகவே தொழில் மொழியைத் தந்தது என்பதினும், தொழில் மொழிக்கு ஓர் எல்லை வகுத்தது என்பதே பொருந்தும்.

இக்கூற்றை எதிர்முகமாகவும் மெய்ப்பிக்கலாம். 1781-இல் பிரான்சு நாட்டில் பிறந்து, புரட்சிக்கு அஞ்சிய குடும்பத்துடன் பெர்லின் சேர்ந்து, செருமானிய மொழியின் சிறந்த புலவருள் ஒருவராகிய அடல்பெர்ட் ஃபொன் ஷமிசோவை இவ்விடத்துச் சிலர் எடுத்துக்காட்டுவர். தன் நிழலை விற்றுவிட்டு எவ்வூரிலும் நிலைகொள்ளாது அலையும் ஒருவனைப் பற்றி 1814-இல் வெளிவந்த அவர் கதை உலகறிந்தது. ஆனால் ஷமிசோ வாழ்ந்த இடம் எது? பிரஷ்ய அரசியின் ஏவலிளைஞராக அரண்மனையிலும், பின்னர் படைத்தலைவருள் ஒருவராகவும், அதன்பின் அறிஞர் குழாத்திலும் அவர் வாழ்ந்தார். அவர் பிழைப்பு அவரை மொழியின் நடுவே வைத்தது. அவர் திறனை நாம் குறைத்துக் கூறவில்லை. அத்திறன் விளைந்த நிலம் தொழிலாளர்க்கு வாய்க்கவில்லை என்பதையே கூறுகின்றோம்.

4. ஓரெனும் பியோந்தியும்

தொழிலாளர் தலைமுறையின் இலக்கியத்தில் முதற்கண் எண்ணத்தக்கவர் அராஸ் ஓரென். 1939-இல் இசுதான்புல்லில் பிறந்து 1969-இல் பெர்லினில் குடியேறிய இவர், நவுனின் தெருவில் நியாசிக்கு என்ன வேலை என்று வினவும் தலைப்புடைய நெடும் பாட்டொன்றை இயற்றினார். துருக்கி மொழியில் எழுதப்பட்ட அது 1973-இல் செருமானிய மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. நியாசி முதலிய துருக்கித் தொழிலாளரும், குட்சர் என்னும் முதிய செருமானியப் பெண்மணியும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். அழைத்தவர் நாட்டிலும் வறியோர் உளர் என்பதும், ஒரே கூரையின் கீழ் இருமொழி வறுமை ஒன்றையொன்று அறியாது உறைகின்றது என்பதும் பாட்டின் கருத்து.

இதன் வடிவத்தில் ஒரு நுட்பம் உண்டு. நியாசியும் குட்சரும் பாட்டினுள் அடுத்தடுத்து வருகின்றனர். தத்தம் வாழ்வை உரைக்கின்றனர். நேர்நின்று உரையாடுவது அரிது. பாட்டின் பகுதிகள் ஒரு மனையின் அறைகள் போல அடுத்தடுத்துப் பிரிந்து நிற்கின்றன. அவற்றை ஒன்றாகக் காண்பவர் படிப்பவரே. உரையாடலின்மையைச் சொல்லால் புலம்பாது அமைப்பால் காட்டியது ஓரெனின் சிறப்பு. இதனை ஏக்க இலக்கியம் என்று வகைப்படுத்துவோர் இவ்வமைப்பைக் காணமாட்டார்.

ஃப்ராங்கோ பியோந்தி வேறு வழியில் சென்றார். 1965-இல் இத்தாலியினின்று வந்து தொழிற்கூடங்களில் உழைத்த இவர், செருமானியத்திலேயே எழுதத் துணிந்தார். தொழிலாளரின் சிதைந்த பேச்சையே பொருளாகவும் கருவியாகவும் கொண்டு 1979-இல் இவர் எழுதிய பாத்தொகுதி, அப்பேச்சைச் சிரிப்பிற்குரியதாகக் கருதிய வழக்கை எதிர்த்தது. இவரும், சிரியாவினின்று வந்த ரஃபீக் ஷாமியும் 1981-இல் எழுதிய கட்டுரையில், விருந்துத் தொழிலாளர் இலக்கியம் என்னும் பெயரை அதன் முரண் விளங்குமாறே எடுத்துக்கொண்டு, துன்புற்றாரே துன்பத்தை எழுதுவது அவ்விலக்கியம் என வரையறுத்தனர்.

இவ்வரையறையின் பயனும் குறையும் ஒருங்கே சொல்லத்தக்கன. பிறர் இட்ட பெயரை ஏற்று அதன் உட்பொய்யை வெளிப்படுத்தியது பயன். எழுதுபவரின் துன்பமே எழுத்தின் தகுதி என்று கொள்ள இடந்தந்தது குறை. துன்பம் இலக்கியத்திற்குக் காரணமாகலாம். அளவுகோல் ஆதல் இயலாது. பின்வந்தோர் பலர் இப்பெயரை வெறுத்து ஒதுக்கியமைக்கு இதுவே காரணம் எனலாம்.

5. ஓஸ்தமாரின் நா

எமினே செவ்கி ஓஸ்தமார் 1946-இல் மலாத்தியா நகரில் பிறந்தவர். 1965-இல் பெர்லின் வந்து தொழிற்கூடத்தில் உழைத்தார். பின் தம் நாடு சென்று நாடகக் கல்வி பெற்று, 1976-இல் கிழக்குப் பெர்லின் நாடக அரங்கில் சேர்ந்தார். 1991-இல் பாக்மன் பரிசும், 2022-இல் செருமானிய இலக்கியத்தின் தலையாய சிறப்பாகிய பூக்னர் பரிசும் பெற்றார்.

1998-இல் வெளிவந்த இவருடைய நாவலில், வானொலிக் குழல்கள் செய்யும் தொழிற்கூடத்தில் பணியாற்றும் இளம்பெண் கதை கூறுகின்றாள். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்திக்கொண்டு செய்யும் வேலை அது. கடைக்குச் சென்று முட்டை வாங்கச் சொல் அறியாத பெண்கள் கோழிபோல் கொக்கரித்துக் காட்டுகின்றனர். அவளோ செய்தித்தாள் தலைப்புகளைப் பொருளறியாது மனப்பாடம் செய்து, எவரேனும் வினவுங்கால் அவற்றையே விடையாக உரைக்கின்றாள். இக்காட்சிகள் நகைச்சுவையானவை. ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். தொழிற்கூடம் அவளுக்கு ஒரு கண்ணின் பயனைத் தந்து நாவின் பயனை மறுக்கின்றது. மொழியை அவள் தெருவினின்றும் தாளினின்றும் திருடியே பெறுகின்றாள். நாம் மேலே கண்ட ஹைடெல்பெர்க் ஆய்வின் முடிபை, அட்டவணையின்றி, இக்காட்சி நம் முன் நிறுத்துகின்றது.

அவர்கள் தங்கிய விடுதிக்குச் செருமானியத்தில் ‘வோன்ஹைம்’ என்பது பெயர். நாவலில் அச்சொல் துருக்கியப் பெண்களின் வாயில் வழங்கிய ஒலிப்படியே, துருக்கி எழுத்து முறையில், ‘வொனாய்ம்’ என்று எழுதப்படுகின்றது. அயற்சொல் தமிழில் புகுங்கால் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தைப் பெறுதல் வேண்டும் என்பதும், சிதைந்து வருவனவும் ஏற்கத்தக்கன என்பதும் தொல்காப்பியர் எச்சவியலில் கூறிய நெறிகள். அங்கே சொல் பெயர்ந்து நம்மிடம் வருகின்றது. நாம் நிலைத்து நிற்கின்றோம். இங்கோ சொல் தன் நிலத்திலேயே நிற்க, பேசுவோர் பெயர்ந்து வந்துள்ளனர். எனினும் அவர் நா தன் எழுத்திலக்கணத்தை அச்சொல்மீது செலுத்துகின்றது. செருமானியச் சொல்லொன்று செருமானிய நூலொன்றில் அயற்சொல்லாகி நிற்கும் இவ்விந்தை, வெறும் பிழையன்று. அவ்விடுதி செருமனியில் இருந்தும் செருமனியாக இல்லை என்னும் நாவலின் கருத்து அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

இவருடைய முதற்கதைத் தொகுதி 1990-இல் வெளிவந்தது. தாய்மொழிக்குச் செருமானியத்தில் வழங்கும் சொல்லை விடுத்து, ‘தாய்நா’ எனப் பொருள்படும் ‘முட்டர்ட்சுங்க’ என்னும் சொல்லை அவர் தலைப்பாக்கினார். துருக்கியில் ‘தில்’ என்பது நாவையும் மொழியையும் ஒருங்கே குறிக்கும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால் புதுச்சொல் பிறந்தது. கதை கூறுபவள், தன் தாய்மொழியை எக்கணத்தில் இழந்தாள் என ஆராய்கின்றாள். 1928-இல் துருக்கி அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தை ஏற்றமையால் பாட்டனார் எழுதியதைப் பெயர்த்தி படிக்கவியலாத நிலையை எண்ணி, பெர்லின் நகரிலேயே ஒருவரிடம் அரபு எழுத்துக் கற்கச் செல்கின்றாள். மொழியிழப்பு குடியேற்றத்தால் மட்டும் நேர்வதன்று. தன் நாட்டிலிருந்தே ஒருவர் தன் மொழிக்கு அயலாராதல் கூடும் என்னும் அரிய உண்மையை இக்கதை உணர்த்துகின்றது.

குறையும் கூறல் நம் கடன். தம் மொழித் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் செருமானியத்தில் வைக்கும் உத்தி இவருடைய 1992-ஆம் ஆண்டு நாவலில் அளவு கடந்து பெருகுகின்றது. தன் மொழியில் தேய்ந்துபோன மரபுத்தொடர் அயல்மொழியில் புத்தணியாக ஒளிர்கின்றது. அவ்வொளி கண்டு மயங்கும் படிப்பாளர், கீழை நாட்டுக் கதைசொல்லியின் இயற்கைத் திறன் என்று போற்றுவர். 1991-ஆம் ஆண்டுப் பரிசை ஒட்டி எழுந்த பாராட்டிலும் பழிப்பிலும் இம்மயக்கம் உண்டு. புதுமை பொருளை ஏந்தி நிற்கும் இடத்தையும், வெறும் அணியாய் நிற்கும் இடத்தையும் பிரித்தறிவது திறனாய்வாளர் பணி. ‘வொனாய்ம்’ முன்னதற்கு எடுத்துக்காட்டு.

6. மொழி வந்தும் இடம் வாராமை

தொழிலாளரின் மக்கள் செருமனியிலேயே கற்று வளர்ந்தனர். மொழி கைவந்தால் எல்லாம் கைவரும் என்பது மெய்யாயின் இவர்கட்குத் தடையிருந்திருத்தல் ஆகாது. ஃபெரிதுன் ஸாயிமோலு 1995-இல் வெளியிட்ட நூல் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. குடியேறியோரை இகழ வழங்கிய வசைச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, 24 இளைஞர் தம் நிலையை உரைப்பதாக அமைந்தது அந்நூல். அவர்கள் பேசுவது தந்தையரின் சிதைந்த மொழியன்று. விரைவும் சினமும் உடைய, தெருவழக்கும் சமயவழக்கும் கலந்த, தாமே ஆக்கிய செருமானியம். செருமானியம் தெரியாதார் என்று இகழப்பட்டோர் அதனைத் தெரிந்தே வளைக்கின்றனர்.

அது தெருவில் கேட்டதை அப்படியே எழுதியதன்று. ஆசிரியர் புனைந்த இலக்கிய நடையே. ஆகவே 24 குரல்களும் சிறிது சிறிதாக ஒரே குரலாகித் தேய்வதை அந்நூலின் குறையாகக் கருதுகின்றோம். தொழிலால் வேறுபட்டோர் மொழியால் வேறுபடாமை நம்பத்தக்கதன்று. எனினும், மொழித் தேர்ச்சி இருந்தும் மதிப்பும் தொழிலும் மறுக்கப்படுங்கால் அத்தேர்ச்சி எதிர்ப்பாக மாறும் என்பதை முதன்முதல் நடையளவில் காட்டிய நூல் அதுவே.

7. குறியாது வந்தார்

1992 முதல் போசுனியப் போருக்கு அஞ்சி ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் செருமனி புகுந்தனர். அவருள் ஒருவர் விசெகிராட் நகரினின்று பதினான்கு அகவையில் ஹைடெல்பெர்க் சேர்ந்த சாஷா ஸ்டானிஷிச். தோற்றுவாய் எனப் பொருள்படும் தலைப்பில் இவர் எழுதிய நூல் 2019-ஆம் ஆண்டுச் செருமானிய நூற்பரிசைப் பெற்றது.

இவருடைய தாய் தம் நாட்டில் அரசியல் நூல் கற்பித்தவர். செருமனியில் சலவைக்கூடத்தில் உழைத்தார். தந்தை கட்டடப் பணிக்குச் சென்றார். மகனோ பள்ளியில் மொழி கற்றான். எம்மெர்ட்சுகிருண்டு என்னும் குடியிருப்பில் ஆரல் எண்ணெய் நிலையத்தருகே பல நாட்டு இளைஞரோடு கூடிப் பேசி அதனைப் பழகினான். ஹைடெல்பெர்க் ஆய்வு ஓய்வு நேரப் பழக்கத்திற்கு அளித்த இடத்தை இந்நூலும் அளிக்கின்றது. தாய்க்கு அறிவு இருந்தது, அதனைச் சொல்ல மொழியில்லை. சலவைக்கூடத்து வெப்பத்தில் மொழி கற்க நேரமுமில்லை. தற்காலிகமாகத் தங்கும் உரிமையே இருந்தமையால் 1998-இல் பெற்றோர் நாட்டைவிட்டு நீங்கி அமெரிக்கா செல்ல நேர்ந்தது. மகன் கல்வியால் தங்கினான். ஒரே குடும்பத்தில் மொழி ஒருவரைத் தங்கவைத்தது. மொழியின்மையும் உரிமையின்மையும் இருவரைப் பெயர்த்தன.

நூலின் வடிவத்தை நோக்குவோம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்குங்கால் கையால் எழுதிய தன்வரலாறு வேண்டும் என அலுவலகம் கேட்கின்றது. ஒரே நேர்கோட்டில் அதனை எழுத அவரால் இயலவில்லை. நூல் முழுதும் அவ்வியலாமையின் விரிவே. நினைவிழந்துவரும் பாட்டி ஒருபுறம். நினைவைச் சான்றாகக் கேட்கும் அலுவலகம் மறுபுறம். இறுதிப் பகுதியில் எப்பக்கம் செல்வது என்பதைப் படிப்பவரே தேர்ந்து செல்லுமாறு கதை பல வழியாகப் பிரிகின்றது. இதனை விளையாட்டு என்று ஒதுக்கல் பொருந்தாது. அகதியின் வாழ்வில் எவ்வழி செல்வது என்பதைப் பிறர் முடிவு செய்தனர். அம்முடிவின் சுமையை ஆசிரியர் படிப்பவர் கையில் வைக்கின்றார். ஓரெனின் பாட்டில் அறைகளாகப் பிரிந்த அமைப்பு இங்கே வழிகளாகப் பிரிகின்றது. தொழிலாளர்க்கு உரையாடலின்மை இடர். அகதிக்கு நிலையின்மை இடர். இடர்க்கேற்ப வடிவம் வேறுபட்டது.

8. எதிர்க்கூற்றும் விடையும்

இவையெல்லாம் சமூகவியலேயன்றி இலக்கியத் திறனாய்வு ஆகா எனச் சிலர் கூறக்கூடும். ஓரெனின் பகுதி அமைப்பு, ஓஸ்தமாரின் எழுத்துமுறை, ஸ்டானிஷிச்சின் கிளை வழி ஆகியவை வடிவக் கூறுகள். அவை ஏன் அவ்வாறு அமைந்தன என்பதற்குத் தொழிலையும் மொழியையும் கருதாது விடை கூறுதல் அரிது என்பதே நம் விடை.

பிழைபட்ட மொழியைப் போற்றுவது மொழிக்குக் கேடு என்பாரும் உளர். பிழையைப் பிழையாதல் பற்றி நாம் போற்றவில்லை. வழு, வழுவமைதி என இரண்டையும் வேறுபடுத்திய மரபு நம்முடையது. காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படும் வழு அமைதி பெறும். காரணமின்றி வருவது வழுவாகவே நிற்கும். இவ்விலக்கியத்திற்கும் அந்நெறி போதும்.

இறுதியாக, மொழி கற்க விரும்பாமையே தொழிலாளரின் குறை என்னும் பழியைக் குறித்து ஒன்று கூறல் வேண்டும். செருமனி 2005-இல்தான் 600 பாடவேளை மொழிக் கல்வியை நாடு தழுவிய சட்ட ஏற்பாடாக்கியது. அப்போது அழைப்பு தொடங்கி ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 2015-இல் ஏறத்தாழ 8,90,000 அகதிகள் வந்தபோது அவ்வேற்பாடு பயன்பட்டது. அவ்வாண்டு வந்தாருள் உழைக்கும் அகவையினரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் 2022-இல் தொழில் பெற்றிருந்தனர்; ஆயின் பெண்டிருள் அவ்வளவு மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை. ஸ்டானிஷிச்சின் தாயைப் போன்றாரின் நிலை முற்றும் மாறிவிடவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று. 2024 சூனில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டமோ, 1974-ஆம் ஆண்டு சூன் இறுதிக்குள் வந்த பழைய தொழிலாளர்க்கு எழுத்துத் தேர்வின்றிப் பேச்சறிவே போதும் எனத் தளர்த்தியது. அவர்கட்கு மொழி கற்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டமை இதனாற் பெறப்படும். ஓரெனும் பியோந்தியும் நாற்பது ஐம்பது ஆண்டுகட்கு முன்னரே அதனை எழுதிவிட்டனர்.

9. முடிபு

ஷமிசோவின் பெயரால், செருமானியம் தாய்மொழியல்லாத எழுத்தாளர்க்கு 1985 முதல் வழங்கப்பட்டு வந்த பரிசு 2017-உடன் நிறுத்தப்பட்டது. முதற்பரிசை ஓரென் பெற்றார். 1999-இல் ஓஸ்தமார் பெற்றார். அத்தகைய எழுத்தாளர் எப்பரிசையும் பெறும் நிலை வந்துவிட்டது என்பது நிறுத்தியோர் கூறிய காரணம். 2019-ஆம், 2022-ஆம் ஆண்டுப் பரிசுகள் அதற்கு அரண் செய்கின்றன. ஆயினும் எழுத்தாளர் அவையேறியதனால் அவர் எழுதிய மக்களும் ஏறிவிட்டனர் என்று கொள்ளலாகாது.

1983-க்குப் பின் ஈழத் தமிழர் பல்லாயிரவர் செருமனி முதலிய ஐரோப்பிய நாடுகளில் குறியாது வந்தாராய்ப் புகுந்தனர். அவர்தம் தமிழ் இலக்கியத்தை ஆராயும் நம் மாணவர் பெரும்பாலும் ஏக்கம் என்னும் ஒரு தலைப்பிலேயே அதனை அடக்கிவிடுகின்றனர். அவர் எழுத்தில் உணவகச் சமையற்கட்டும் துப்புரவுப் பணியும் எவ்வாறு இடம்பெறுகின்றன, புகுந்த நாட்டுச் சொற்கள் எவ்வெழுத்து வடிவில் தமிழினுள் வருகின்றன, பெற்றோர் பேசாத மொழியில் மக்கள் பேசுங்கால் கதையின் உரையாடல் எவ்வாறு அமைகின்றது என்னும் வினாக்கள் ஆராயப்பட வேண்டியவை. அச்சொற்களைத் தொகுத்து, எவை தொழிலிடத்துச் சொற்கள், எவை அலுவலகத்துச் சொற்கள், எவை வீட்டுச் சொற்கள் என வகைப்படுத்துவதே அவ்வாய்வின் முதற்படியாதல் வேண்டும். விருந்து என்னும் சொல்லுக்குப் புதியவர், புதிய யாப்பு என்னும் இருபொருளும் கண்ட மொழியில் அப்பணி நடைபெறுதல் முறையே.